மேல் போல்ட் முதலில்

எங்கள் அக்காவின் பிக்கப் வண்டி நேர் ரோட்டில் போனால் பரம சாது. திரும்பும்போதுதான் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு முனகல் கிளம்பும். அடியில் யாரோ உட்கார்ந்து பல்லைக் கடிப்பதுபோல இருக்கும். அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டுதான் எங்கள் அண்ணன் வண்டியை விற்கக் கிளம்பினார்.

விற்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வண்டி வாங்கிய காலத்தில் அக்காவிடம் லைசென்ஸ் இல்லை. "பேர்ல என்ன இருக்கு, நான் போட்டுக்கறேன்" என்று அண்ணன் வண்டிப் பத்திரத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு டயர் தேயத் தேய ஓட்டியது அக்கா, மழையில் தார்ப்பாய் பிடித்தது அக்கா, நடுரோட்டில் நின்றபோது தள்ளியதும் அக்கா. உழைப்பெல்லாம் அவளுடையது, பெயர் மட்டும் அவருடையது. பேரில் என்ன இருக்கிறது என்று சொன்ன மனிதர் அந்தப் பேரை விடவே இல்லை.

அக்காவின் தொழில் வீடு மாற்றித் தருவது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு போட்டு, ஒரு கீறல் விழாமல் இன்னொரு வீட்டில் இறக்குவாள். தெருவில் அவளுக்குப் 'பெட்டிபடுக்கை' என்று பெயர். அவளுடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் சாதாரணமாக வீடு மாறுகிறவர்கள். மீதிப்பேர், பொறுத்துப் பொறுத்துப் பார்த்து இனி முடியாது என்று புகுந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண்கள். மற்ற வண்டிக்காரர்கள் "குடும்பத் தகராறு, நமக்கெதுக்கு" என்று நழுவிவிடுவார்கள். அக்கா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மாடியா, கீழ் வீடா?"

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு திரும்பி வந்தவள். என் தையல் மிஷினை அந்த வீட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்ததும் இந்த வண்டிதான். அதனால் வண்டியைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குச் சுருக்கென்று வந்துவிடும். இதை ஒளிப்பதற்கு எனக்கு அவசியமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தார். முன்னறையில் நான் ஒரு பேண்ட்டுக்குக் கால் மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"டிஃபரன்ஷியல் போச்சு," என்றார் அண்ணன், ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோல. "ஒர்க்‌ஷாப்ல கேட்டுட்டேன். உள்ள பல்சக்கரம் தேஞ்சிருச்சாம். ஓடுற நிலையில இருக்கும்போதே தள்ளி விட்டுடணும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு புரோக்கர் வரார்."

வண்டி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய்போலப் புடைத்துக்கொண்டு ஓர் இரும்புக்கூடு இருக்கும். அதுதான் டிஃபரன்ஷியல். வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றும்படி பார்த்துக்கொள்வது அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள். அவை எந்நேரமும் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"திங்கக்கிழமை காலையில ஒரு நர்ஸுக்கு லோடு இருக்கு," என்றாள் அக்கா. "வாக்குக் குடுத்துட்டேன்."

"வேற வண்டி பாத்துக்கச் சொல்லு."

"வேற வண்டி வராதுன்னுதானே என்கிட்ட வந்தா." அக்கா கயிறைக் கீழே போட்டாள். "அண்ணே, பல்லு தேஞ்சிருந்தா நேரா போகும்போதும் ஊளையிடணும். திரும்பும்போது மட்டும் ஏன் சத்தம் வருது? அதுவும் உன் ஒர்க்‌ஷாப்காரன் ஆயில் மாத்தினதுக்கு அப்புறம்தான் வருது."

"அவன் இருவது வருஷமா இதே வேலை செய்யறான்."

"செய்யட்டும். ஞாயித்துக்கிழமை நானே ஆயில மாத்தறேன். நாலு மணிக்கு உன் புரோக்கர் முன்னாடி வண்டியத் திருப்பிக் காட்டறேன். சத்தம் வந்தா சாவி உன் கையில. வரலேன்னா இனிமே வண்டிய விக்கற பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

நான் அண்ணனை 'நீங்க' என்பேன். அக்கா அவருக்கு ஒரு வயதுதான் இளையவள், 'நீ' என்பாள். அந்த 'நீ' அன்றைக்குக் கொஞ்சம் கனமாகவே விழுந்தது. அண்ணன் சிரித்துவிட்டு, "வாசல்லயே மாத்தப் போறியா? சரி, வேடிக்கை பாக்க நானும் வரேன்," என்றார்.

மறுநாள் உதிரிபாகக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் வழக்கமான கியர் ஆயிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். "இது இல்லீங்க. ரெண்டு சக்கரமும் சேந்து இழுக்கற மாதிரி உள்ள தட்டு வெச்ச அச்சு. அதுக்குத் தனி ஆயில் இருக்கு, கூடக் கலக்கற சின்ன பாட்டிலும் இருக்கு. ரெண்டும் குடுங்க."

"எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தாம்மா ஊத்தறாங்க. யாருக்கு இது?"

"வண்டிக்குத்தான். நான் குடிக்கறதுக்கா கேக்கறேன்?"

அவர் ஏணி போட்டு மேல் அலமாரியில் தூசியைத் தட்டி எடுத்துக் கொடுத்தார். ஊரில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் வழக்கம் அதுதான். மூலையில் ஒரு பீப்பாய் இருக்கும், எந்த வண்டி வந்தாலும் அதிலிருந்தே பம்ப் அடிப்பார்கள். எல்லார் வயிற்றுக்கும் ஒரே மருந்து.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் அண்ணி. எங்கள் அண்ணி ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி வார்த்தைதான் செலவழிப்பாள். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போடச் சொல்லி, தீர்ப்புச் சொல்ல வந்தவர்போல உட்கார்ந்தார். அண்ணி உட்காரவில்லை.

அக்கா முதலில் வண்டியைத் தெருவெல்லாம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். ஆயில் சூடானால்தான் அடியில் தங்கிய அழுக்கோடு சேர்ந்து வெளியே வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் கடகட சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் அவரைப் பார்க்காததுபோல வானத்தைப் பார்த்தேன்.

சமதரையில் நிறுத்தி முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். பின் அச்சை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தாள். கியரை விடுவித்துவிட்டு இடது சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நான் இந்தச் சக்கரத்தை முன்னால சுத்தறேன். உங்க பக்கத்துச் சக்கரம் எப்படிச் சுத்துதுன்னு சொல்லுங்க."

அண்ணி குனிந்து பார்த்தாள். "முன்னாலதான் சுத்துது."

"நல்லாப் பாத்தீங்களா? எதிர்ப்பக்கம் இல்லையே?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒரே பக்கம்தான்."

அக்காவின் முகம் மலர்ந்தது. சாதாரண அச்சாக இருந்தால் ஒரு சக்கரம் முன்னால் சுற்ற இன்னொன்று பின்னால் சுற்றுமாம். ஒரே பக்கமாகச் சுற்றினால் உள்ளே தட்டுகள் இருக்கின்றன, அந்தத் தட்டுகளுக்கு வேறு ஆயில் வேண்டும். பீப்பாய் ஆயில் பட்டதும் தட்டுகள் வழுக்காமல் ஒன்றையொன்று பிடித்துப் பிடித்து விடுகின்றன. அதுதான் பல்லைக் கடிக்கும் சத்தம். இதை அண்ணனிடம் விளக்கினாள். அண்ணன் கொட்டாவி விட்டார்.

வண்டியை இறக்கி வைத்துவிட்டு அக்கா அடியில் படுத்தாள். கூட்டில் இரண்டு போல்ட். பக்கவாட்டில் மேலே இருப்பது ஊற்றுவதற்கு. அதைத் திறந்து சுண்டுவிரலை விட்டால் ஆயில் விளிம்புவரை இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். அடியில் இருப்பது வடிப்பதற்கு. "மேல் போல்ட் தெறக்குதான்னு பாக்காம கீழ் போல்ட்ல கை வெக்கக் கூடாது," என்று அடியிலிருந்தபடியே எங்களுக்குச் சொன்னாள். "வடிச்சுட்டு ஊத்த வழியில்லாம போனா வண்டி நின்ன இடத்துலயே நிக்கும்."

மேல் போல்ட் அசையவில்லை. போல்ட் திருகும் சாவி வழுக்கிக்கொண்டே இருந்தது. நெம்புகோலுக்கு நீளமான பைப் வேண்டும் என்று அக்கா எழுந்து கொல்லைப்புறம் போனாள்.

எங்கள் அண்ணன் ஒரு முந்திரிக்கொட்டை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "ஒரு போல்ட்டைக் கழட்ட இவ்ளோ ஆர்ப்பாட்டமா" என்று நாற்காலியை விட்டு எழுந்தார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் இடுப்புவரை அடியில் நுழைந்து, கைக்கு எட்டிய போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுத் திருகிவிட்டார். அது கீழ் போல்ட். வாகாகக் கழன்றது. அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு ஆயில் கழுத்திலிருந்து இடுப்புவரை அவர்மேல் கொட்டியது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சியில் பொத்தினாளா சிரிப்பை மறைத்தாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பைப்போடு வந்த அக்கா ஒரு கணம் நின்றாள். திட்டவில்லை. "பேசின்," என்றாள். துணி ஊறவைக்கும் என் நல்ல பேசினை நானே ஓடிப்போய்க் கொண்டுவந்து அடியில் தள்ளினேன். இனி அதில் எந்தத் துணியும் ஊறப் போவதில்லை என்பது தெரிந்தே தள்ளினேன்.

"கழட்டிட்டேன் இல்ல," என்றார் அண்ணன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"கழட்டிட்டே. இப்போ மேல் போல்ட் வரலேன்னா உன் புரோக்கர் வண்டிய முதுகுல தூக்கிட்டுப் போகட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் விளையாட்டுக்கு நேரமில்லை. நர்ஸின் கணவன் திங்கட்கிழமை ஒருநாள்தான் வெளியூர் வேலையில் இருப்பான். அந்தப் பெண் பாத்திரங்களைக்கூடச் சத்தம் வராமல் துணியில் சுற்றி வைத்திருப்பதாகப் போனில் சொல்லியிருந்தாள். இது எனக்கும் தெரியும்.

அக்கா கீழ் போல்ட்டைக் கையில் எடுத்தாள். அதன் நுனியில் காந்தம் உண்டு. உள்ளே உதிரும் இரும்பு அதில்தான் ஒட்டும். சாம்பல் நிறத்தில் பசை அப்பியிருந்தது. அண்ணன் உடனே, "பாத்தியா, இரும்புத் தூள்," என்றார்.

"தூள் இருக்கத்தான் செய்யும். தேயாம எந்த இரும்பு ஓடும்? பல்லு ஒடஞ்சிருந்தா துண்டு வரணும். துண்டைக் காட்டு, சாவியக் குடுத்துடறேன்." பசையை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்து அண்ணன் மூக்கருகில் நீட்டினாள். மை மாதிரி வழவழவென்று இருந்தது. பேசினில் இருந்த ஆயிலையும் குச்சியால் துழாவிக் காட்டினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

கீழ் போல்ட்டைத் துடைத்துத் திரும்ப மாட்டினாள். அதற்குப் பிறகுதான் பெரும்பாடு. மேல் போல்ட்டின் தலையில் சாவி நுழைகிற சதுரக் குழி இருக்கும். சாவி ஏன் வழுக்கியது என்று டார்ச் அடித்துப் பார்த்தால், குழியில் பாதிவரை மண் இறுகிக் கல்லாகியிருந்தது. பீப்பாய் ஒர்க்‌ஷாப்காரன் அதைக்கூடச் சுத்தம் செய்யாமல் மூடியிருக்கிறான். தையல் பிரிக்கும் என் ஊசியை வாங்கி, அக்கா மல்லாந்தபடி அந்த மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். எல்லாம் அவள் கண்ணிலும் வாயிலும்தான் விழுந்தது. துப்பினாள், மறுபடி சுரண்டினாள். பிறகு துருவுக்கு மருந்து அடித்து, போல்ட்டைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினாள். இந்த முறை சாவி ஆழமாக உட்கார்ந்தது.

"நான் சாவி நழுவாம ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கறேன். நீ பைப்பை மேல தூக்கு."

தூக்கினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். தோள்பட்டைதான் கழன்றுவிடும் போலிருந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து, "மேல இல்ல, கீழ அழுத்தணும்," என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடாமலே கோணல் சொல்கிற ரகம். நான் பதில் சொல்வதற்குள் என் கைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் பைப்பைப் பிடித்தன. அண்ணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ம்," என்றாள். அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து தூக்கினோம்.

டக்கென்று ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அடியிலிருந்து அக்கா, "வந்துருச்சு," என்றாள்.

ஊற்றுவது எளிதாகத்தான் இருந்தது. அண்ணியே வண்டியின் பின்பக்கத்தில் ஏறிப் புனலைப் பிடித்துக்கொண்டாள். புனலிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி மேல் துளைக்குள் போயிற்று. முதலில் சின்ன பாட்டில், பிறகு ஆயில். துளையின் விளிம்பில் கொஞ்சம் வழிந்ததும் அக்கா, "போதும் அண்ணி," என்றாள். விரலை விட்டுப் பார்த்தாள், மூடினாள், முறுக்கினாள். அண்ணன் என் பழைய நைட்டித் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கக் கறுப்பு பரவியது.

நாலு மணிக்குப் புரோக்கர் வந்தார். விடுமுறையாதலால் சந்தை மைதானம் காலியாகக் கிடந்தது. அங்கே போய்த் திருப்பிக் காட்டுவதென்று முடிவாயிற்று. அக்காவோடு நான் ஏறினேன். அண்ணன் புரோக்கரின் பைக்கில் உட்கார்ந்தார். அண்ணியைக் காணோமே என்று திரும்பினால், என்னை நகரச் சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் அக்கா மெதுவாக எட்டு போட ஆரம்பித்தாள். முதல் வளைவிலேயே கடகட சத்தம் வந்தது. என் உயிர் போய்விட்டது. அண்ணன் தூரத்தில் கையை உயர்த்தி, "போதும், நிறுத்து," என்றார். அக்கா காதிலேயே வாங்கவில்லை. "தட்டுக்கு நடுவுல ஆயில் ஏறணும்," என்று எங்களிடம் சொல்லிவிட்டு, வலதுபக்கம் ஒரு வட்டம், இடதுபக்கம் ஒரு வட்டம் என்று சுற்றிக்கொண்டே இருந்தாள். சத்தம் மெல்லக் குறைந்தது. கடகட என்றது கரகரவாகி, பிறகு அதுவும் தேய்ந்து, ஒரு வளைவில் இருக்கிறதா இல்லையா என்று நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். எஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

புரோக்கர் வண்டியோடு கூடவே நடந்து, காதைச் சாய்த்துக் கேட்டார். "என்ன சார், வண்டி பஞ்சு மாதிரி இருக்கு. ரிப்பேர்னு சொன்னீங்க? இதுக்கு நல்ல விலையே கிடைக்கும்."

அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்போ நல்லதாப் போச்சு. இன்னிக்கே எழுதிடலாம்."

நான் அண்ணியைத் தாண்டிக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தேன். "சத்தம் வரலேன்னா பேச்சே இல்லைன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சத்தம் வண்டியில இல்லடி, ஊர்ல வருது." இப்போதுதான் அவர் வாயிலிருந்து நிஜம் வந்தது. "மரக்கடைக்காரர் மருமகளோட சாமான ஏத்திக்கிட்டுப் போனாளே, அவரு என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறாரு. உன் தங்கச்சிதானே குடும்பத்தைப் பிரிக்கறவள்னு கேக்கறாங்க. என் பேர்ல இருக்கற வண்டி. என் பேரு கெடுது."

அக்கா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள். "நான் எந்தக் குடும்பத்தையும் பிரிக்கல அண்ணே. பிரிஞ்சு கிடக்கறதுல அவங்க பங்கைத்தான் ஏத்தறேன். நாளைக்கும் ஏத்துவேன். சாவி வேணும்னா வந்து என் கையிலருந்து பிடுங்கிக்கோ."

அண்ணன் இரண்டடி முன்னால் வைத்தார். அதற்குள் அண்ணி கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"வித்துக்கோங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஆனா ஒரு லோடு பாக்கி இருக்கு. என் பீரோ, எங்கம்மா குடுத்த கட்டில், ரெண்டு பெட்டி. அத எங்கம்மா வீட்டுல இறக்கினதுக்கு அப்புறம் வண்டிய யாருக்கு வேணா எழுதிக் குடுங்க."

புரோக்கர் பைக்கின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அண்ணன் அண்ணியையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"என்ன பேசறே நீ," என்றார்.

"கீழ் வீடுதான்," என்றாள் அண்ணி, அக்காவைப் பார்த்து. "சீக்கிரம் ஏத்திடலாம்."

புரோக்கர், "நான் அப்புறம் வரேன் சார்," என்று பைக்கை உதைத்தார். அண்ணன் அவரை நிறுத்தவில்லை.

அக்கா எஞ்சினைப் போட்டாள். "எங்க விடட்டும் அண்ணி?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "இப்போதைக்கு வீட்டுக்கு."

அந்த 'இப்போதைக்கு' அண்ணன் காதில் நன்றாகவே விழுந்தது. ஆயில் ஊறிய சட்டையோடு வண்டியின் பின்பக்கம் ஏறி, கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். நான் பின்கதவைத் தூக்கிக் கொக்கி போட்டேன். அக்கா வளைவுகளில் ஸ்டியரிங்கைத் தேவைக்கு அதிகமாகவே ஒடித்தாள். வேண்டுமென்றுதான் செய்தாள்.

மறுநாள் காலை நர்ஸின் வீட்டில் கட்டிலும் ஃபிரிட்ஜும் ஏறிவிட்டன. அவள் கடைசியாகப் பூட்டைப் போட்டுவிட்டு வரும்போது அண்ணன் போன் செய்தார். வீட்டில் அண்ணி சமைத்தாளா, பேசினாளா என்றெல்லாம் நான் கேட்டுப் பார்த்தேன், அவர் பிடி கொடுக்கவில்லை. "வண்டி எப்படி ஓடுதுன்னு அக்காகிட்ட கேளு," என்றார். போனை அக்காவின் காதில் வைத்தேன்.

"வண்டிய என் பேருக்கு மாத்திக் குடு, சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அக்கா கியரைப் போட்டாள்.